சும்மாட்டில் உட்கார்ந்த தொப்பி

தர்ஷிகா தலை உலர்த்த வாசலில் வந்து நின்றால், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் பெண்கள் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். முழங்காலைத் தொடுகிற முடி. அந்த முடிக்குச் சொந்தக்காரி மாத்தளை முத்துமாரியம்மன்.

கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. கண்டி ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தாய் ராக்கம்மா நேர்ந்துகொண்டாள். "பதினாறு வயசு வரைக்கும் இவ தலையில கத்தரி படாது தாயே. அந்த வருசம் தேருக்கு முன்னாடி ஒன் சன்னதியிலேயே முடிய எறக்குறேன்." பிள்ளை பிழைத்தது. அன்றிலிருந்து முடியும் வளர்ந்தது.

பிள்ளைக்கு இன்னொரு ஆசையும் கூடவே வளர்ந்தது. மலைக்கு மேலே ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் போதும். அடுப்பில் ரொட்டி கருகினாலும் சரி, வாசலுக்கு ஓடிவிடுவாள். அவள் படிக்கிற டவுன் பாடசாலையில் விமானப்படைக் கெடட் அணி, அதாவது மாணவர் பயிற்சிப் படை ஒன்று தொடங்கப் போகிறார்கள் என்றதும் முதலில் உயர்ந்தது அவள் கைதான்.

பயிற்சிக்கு நீலத் தொப்பி கொடுத்தார்கள். தர்ஷிகா முடியைச் சுருட்டி உச்சியில் பெரிய கொண்டையாகக் குவித்து, அதன்மேல் தொப்பியை வைத்தாள். பக்கத்தில் நின்ற கூட்டாளி ஜஹானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அல்லாஹ்வே! பொங்கல் பானைக்கு மூடி போட்ட மாதிரியே இருக்கு புள்ள. எப்ப பொங்கப் போகுது?"

பொங்கியே விட்டது. திரும்பி நிற்கச் சொன்ன கட்டளைக்குத் தர்ஷிகா விறைப்பாகத் திரும்பினாள். தொப்பி எகிறி விழுந்து, அணிக்குப் பொறுப்பான சுதர்சினி டீச்சரின் காலடிவரை உருண்டு போனது. எல்லாரோடும் சேர்ந்து தர்ஷிகாவும் சிரித்தாள். கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டியது.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரி. தொப்பியைத் தூசி தட்டிக் கொடுத்தபடி சொன்னார்: "பிள்ளை, உம்மட ஓட்டம் நல்லம், நடையும் நல்லம். ஆனா வாற சனிக்கிழமை விமானப்படை ஆக்கள் தெரிவுக்கு வருகினம். தொப்பி விழுந்தா எடுக்க மாட்டினம். முடியைக் கொஞ்சம் வெட்டிப்போட்டு வாரும்."

வீட்டில் அன்று அதுதான் பேச்சு. தகப்பன் சந்திரகுமார் டவுனில் த்ரீவீலர் ஓட்டுகிறவன். "வெட்டிட்டுப் போகட்டும். அம்மனுக்கு வெள்ளியில ஒரு புள்ள உருவம் வாங்கி வச்சிருவோம்" என்றான்.

ராக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. "சொன்னத மாத்திக் குடுக்க அவ என்னா கடைக்காரியா?"

"வெட்ட வேணாம்ப்பா" என்றாள் தர்ஷிகா. "இந்த மூச்சே அவ குடுத்தது. அதுலதானே நான் ஓடுறேன்? ஆனா கெடட்டையும் விட மாட்டேன்."

"ரெண்டும் எப்புடிடி நடக்கும்?"

"தெரியலம்மா."

மறுநாள் வெள்ளிக்கிழமை. பாடசாலை விட்டு வந்ததும் லயத்துக் கோயிலில் விளக்கேற்றிக் கும்பிட்டாள். "தாயே, முடி ஒனக்கு. தொப்பி எனக்கு. வழிய நீயே காட்டு."

கும்பிட்டுவிட்டுத் திரும்பினால், மேட்டிலிருந்து ராக்கம்மா இறங்கி வருகிறாள். தலையில் ஆளுயர விறகுக்கட்டு. கை இரண்டையும் வீசி நடக்கிறாள். குறுக்கே வந்த நாயை விரட்டுகிறாள். பின்னால் வருகிறவளிடம் கழுத்தைத் திருப்பிக் கதை கேட்கிறாள். கட்டு அப்படியே இருக்கிறது.

தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத் தர்ஷிகாவின் கால் நின்றுவிட்டது. விறகை இறக்கிவிட்டுத் தாய் தலையில் கைவைத்ததும் கத்தினாள்: "அம்மா, சும்மாட்ட அவுக்காதீங்க!"

பழைய சேலைத் துணியைச் சுற்றிச் செய்த வளையம் அது. தர்ஷிகா வாங்கித் தடவிப் பார்த்தாள். ஓரம் தடிப்பு, நடுவில் குழி. பாரம் அந்தக் குழியில் அமர்ந்துகொள்கிறது. தானோ இத்தனை நாளும் குழி இருக்க வேண்டிய இடத்தில் மலையைக் குவித்து, அதன்மேல் தொப்பியை நிறுத்தப் பார்த்திருக்கிறாள்!

தாயும் மகளும் விளக்கடியில் உட்கார்ந்தார்கள். முடியை நான்கு மெல்லிய சடையாகப் பின்னி, பிடரியிலிருந்து காதுக்கு மேலாகத் தலையைச் சுற்றித் தட்டையாகப் படியவைத்து ஊசி குத்தினார்கள். முதல் தடவை சரிந்தது. அவிழ்த்து, இன்னும் தாழ்த்திச் சுற்றினார்கள். தொப்பி நடுக்குழியில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இரு, பார்த்துருவோம்" என்று சந்திரகுமார் மகளைத் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வரும்போதே கூவினான்: "ஹந்தானை ரோட்டுல ஒரு குழி விடல ராக்கம்மா! என் இடுப்புதான் கழண்டுச்சு, தொப்பி அசையல!"

சனிக்கிழமை மைதானத்தில் நல்ல காற்று. தர்ஷிகா ஓடினாள், நடந்தாள், திரும்பினாள். தொப்பி கூடவே இருந்தது. வரிசையைப் பார்வையிட்டு வந்த சிங்களப் பெண் அதிகாரி அவள் முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றச் சொன்னார். தர்ஷிகா கழற்றிக் கையில் பிடித்தாள்.

அதிகாரி அந்தச் சடை வளையத்தைச் சுற்றிவந்து பார்த்தார். "இவ்வளவு முடியா? ஏன் வெட்டவில்லை?" என்று சிங்களத்தில் கேட்டார். தர்ஷிகா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னாள்: "தெய்வத்துக்கு நேர்ந்தது மேடம். அடுத்த வருசம் கொடுத்துவிடுவேன். அதுவரைக்கும் விழாமல் பார்த்துக்கொள்வேன்."

அவர் முகம் மலர்ந்தது. "ஹொந்தாய், நல்லது. நீண்ட முடி உள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் இதைக் கட்டிக் காட்டு" என்றார். அன்று வாசித்த பெயர்களில் முதல் பெயர் தர்ஷிகா. ஜஹானா பெயரும் வந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்ததில்தான் தொப்பி கடைசியில் கீழே விழுந்தது.

அடுத்த மாசியில், தேருக்கு முன்னால், மாத்தளையில் முடி இறங்கியது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு மகள் கும்பிட்டு நின்றபோது ராக்கம்மா வாய்விட்டு அழுதாள். சொன்ன சொல் குறையில்லாமல் போய்ச் சேர்ந்த அழுகை அது.

அதற்கடுத்த பயிற்சியில் தொப்பி காதுவரை இறங்கிவிட்டது. "இப்ப பானையக் காணோம் புள்ள, மூடி மட்டும் நிக்குது!" என்றாள் ஜஹானா. தர்ஷிகா அசரவில்லை. தாயின் சும்மாட்டுத் துணியில் ஒரு துண்டைக் கிழித்து உள்ளே வைத்துத் தைத்துக்கொண்டாள்.

அந்தத் துணியோடுதான் அவள் விமானப்படைச் சின்ன விமானத்தில் முதல் தடவையாக ஏறினாள். கெடட் பிள்ளைகளுக்கு ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி இறக்கினார்கள். வீடு வந்தவளை ராக்கம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"மேலேருந்து என்னாடி தெரிஞ்சுச்சு?"

"மலையெல்லாம் காலுக்குக் கீழ கெடந்துச்சும்மா. ஒரு மேட்டுல யாரோ வெறகு கொண்டு போனாங்க. கட்டு அசையவே இல்ல."