உடம்பெல்லாம் கடை வாசம்

சேந்தமங்கலம் கடைவீதியில் எனக்கு ஓர் ஊதுபத்திக் கடை இருந்தது. முன்கட்டில் வியாபாரம், பின்கட்டில் இடிப்பதும் பிசைவதும் உருட்டுவதும். எந்தக் கலவையில் எந்த வாசம் எவ்வளவு என்பதை என் மூக்குதான் தீர்மானிக்கும். அதற்கு மேல் ஒரு முதலாளி எங்கள் கடையில் கிடையாது.

அந்த முதலாளி ஒரு கோடையில் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை மல்லிகை எண்ணெயிலும் சந்தனத் தூளிலுமே கிடந்ததில் மூக்கு மரத்துப் போயிருந்தது. அது புரியாமல், வாசம் பற்றவில்லையே என்று மேலும் மேலும் எண்ணெயை ஊற்றினேன். உலகச் சண்டைக் காலம் வேறு. அந்த எண்ணெய் கிடைப்பதே குதிரைக் கொம்பு. இத்தனை செய்தும் மாரியம்மன் கோயிலுக்கு அனுப்பிய கட்டு அப்படியே திரும்பி வந்தது. ஏற்றி வைத்தால் பூசாரிக்கே தலை சுற்றுகிறதாம். ஆடித் திருவிழாவுக்கும் இப்படித்தான் என்றால் சேலத்துப் பத்தியை வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கோயிலில் வேண்டாம் என்ற பத்தியை ஊரில் எவன் வாங்குவான்? கடையை மூட வேண்டியதுதான்.

சிடுசிடுப்பு எனக்குக் கூடப் பிறந்தது. அன்றைக்கு அதை மனைவியிடம் காட்டினேன். "உனக்குத்தான் மூக்கு நல்லா இருக்குதே, நீயே கலக்கு" என்றேன்.

"தப்பா இருந்தாச் சொல்லத் தெரியுமுங்க. சரியாப் போடத் தெரியாது" என்றாள். "ஏனுங்க, நமக்குத் தேன் கொண்டாறவரு மலைக்குத் திரும்பிப் போறாரு. கூடப் போயிட்டு வாங்க. நாலு நாளைக்கு இந்தக் கருமத்த மோந்து பாக்காம இருங்க."

அவர் கொல்லிமலையில் பைல் நாடு என்கிற பகுதிக்காரர். மிளகும் சாமையும் போடுகிற குடியானவர், தேனும் எடுப்பார். பத்தியில் சேர்க்கும் குங்கிலியத்தையும் பிசையும்போது விடுகிற தேனையும் அவரிடம்தான் வாங்குவேன். அவர் பின்னால் ஒற்றையடிப் பாதையில் மலையேறினேன். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். அவர் ஊர் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னார். ஊருக்குள் செருப்புக் காலோடு யாரும் போவதில்லையாம். வெறுங்காலுக்கு மண் சில்லென்று இருந்தது. பிடித்திருந்தது, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் அவர் தேன் எடுக்கக் கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். கிட்டே வந்து என் கழுத்தையும் தலைமயிரையும் முகர்ந்து பார்த்தார், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல.

"வேண்டாமுங்க. உங்க மேல கடை இருக்குது."

"என்ன இருக்குது?"

"கடைங்க. மல்லி, சந்தனம், எல்லாம். இப்பிடியே மரத்துக்கிட்டப் போனா தேன் ஈ கொட்டியே கொன்னுபோடும். உங்களோட சேத்து என்னையுந்தான்."

தேன் எடுக்கப் போகும் நாளில் அவர்கள் வீட்டில் பெண்கள் பூக்கூட வைத்துக்கொள்வதில்லை. எனக்கு ரோஷம் வந்தது. ஓடைக்குப் போய் அரப்புத் தேய்த்துக் குளித்தேன். என் துணிகளை அவர் மனைவி சாம்பல் போட்டு அலசிக் காயவைத்தார். அவருடைய வேட்டியைக் கட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் மறுபடி முகர்ந்து பார்த்தார். "இன்னும் இருக்குதுங்க." அதற்கடுத்த நாளும் அதே பேச்சு. இத்தனை வருஷம் கடையை நான் சுமப்பதாகச் சலித்துக்கொண்டிருந்தேன். அதை மலைவரைக்கும் தூக்கி வந்திருக்கிறேன் என்று தெரிந்தபோது சிரிப்பதா கோபிப்பதா என்று தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதே சுகம் என்பார்கள். முதலில் எனக்கு அது தண்டனையாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. ஓடையில் காலைத் தொங்கவிட்டுப் பாறையில் உட்கார்ந்திருப்பேன். பசித்தால் சாமைச் சோறு. உண்ட மயக்கத்துக்குப் பலாமர நிழல். கடையைப் பற்றிய கவலை போய்விடவில்லை. ஆனால் யாரையும் திட்டத் தோன்றவில்லை.

ஒரு பிற்பகல் அந்தப் பாறையில் இருக்கும்போது மூக்கில் ஏதோ பட்டது. நனைந்த கல்லின் வாசம். நான் உட்கார்ந்திருந்த பாறையோ வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. எழுந்து ஓடினேன். மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தவரிடம், "மழை வருது" என்றேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த முடிச்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் எதிர்ச் சரிவிலிருந்து மழை இறங்கி வந்து எங்களைப் பிடித்துக்கொண்டது. மண், மிளகிலை, எங்கோ பழுத்து வெடித்த பலா, கூரைக்கு மேலே அடுப்புப் புகை என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காததுபோலக் கொடியை இறுக்கிக் கட்டினார்.

மறுநாள் காலையில் முகர்ந்து பார்த்துவிட்டு, "கடை போயிருச்சுங்க" என்றார். வியாபாரியிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்குக் கூட்டிப் போனார். மரப்பொந்துக்கு அருகில் ஈக்கள் என் காதோரம் சுற்றிப் பார்த்துவிட்டு, இவனிடம் ஒன்றும் இல்லை என்று போய்விட்டன.

கீழே வந்ததும் கலவையில் எண்ணெயைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். குங்கிலியத்தோடு வெட்டிவேரை இடித்துச் சேர்த்தேன்; ஒரு சிட்டிகை மிளகும் போட்டேன். அந்த மழையை நினைத்துக்கொண்டே பிசைந்தேன். மனைவி ஒரு பத்தியை ஏற்றிவைத்து, வெகுநேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "இதையே போடுங்க" என்றாள். ஆடித் திருவிழாவுக்கு அனுப்பிய கட்டு திரும்பி வரவில்லை. இன்னும் வேண்டும் என்று ஆள்தான் வந்தது.

திருவிழா முடிந்து ஒரு சந்தை நாளில் மலைக்காரர் மூட்டையோடு வந்தார். பெருமை தாங்காமல் அவர் முன்னால் ஒரு பத்தியைக் கொளுத்தினேன்.

"நல்லா இருக்குதுங்க" என்றார். சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீதியைத் தாண்டி வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே கத்தினார்: "கோவிச்சுக்காதீங்க. ஊடு போனதும் தேன் எடுக்கோணும். கடை ஒட்டிக்குமுங்க."

பத்தியை அணைத்துவிட்டு நானும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூட்டையின் வாய் கட்டியபடியே இருந்தது.

"மொளகு இருக்குது. அடியில குங்கிலியம்" என்றேன். "வர்ற வழியில மழைங்களா?"

"ஆமாங்க, பாதி மலையில புடிச்சுக்கிச்சு. அப்பறம் அடிச்ச வெயில்ல எல்லாம் காஞ்சும் போச்சே" என்று மூட்டையைத் தடவிப் பார்த்தார். "எப்பிடிங்க தெரிஞ்சுது?"

கடையிலிருந்து மனைவி கூப்பிட்டாள், வாடிக்கைக்காரர் காத்திருக்கிறார் என்று. வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அந்த மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.