நஸ்ரீனின் மஞ்சள் எழுத்துகள்

இதை எழுத நான் சரியான ஆள் இல்லை. நஸ்ரீனோடு என்னைவிட அதிகம் பேசியவர்களும் சண்டை போட்டவர்களும் நம் பழைய கம்ப்யூட்டர் செக்‌ஷனில் உண்டு. அவர்களில் ஒருவர் எழுதுவார் என்று காத்திருந்தேன். யாரும் எழுதாததால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தபோது நாட்றம்பள்ளியில் பேருந்துக்காக நின்றிருந்தேன். எங்கள் செக்‌ஷன் மேலாளராக இருந்த சாமுவேல் சார்தான் அழைத்தார். "நஸ்ரீன் போய்ட்டாம்மா" என்றார். சர்க்கரை சிறுநீரகம் வரை போய்விட்டதாகவும், வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பலனில்லை என்றும் சொன்னார். லாரிகளின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க மனம் வரவில்லை. நான் ஆம்பூரில் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கத்துக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபீஸ்ல அப்டி இன்னாதான் பண்ணிட்டிருந்தா, நீயாவது சொல்லும்மா" என்று கேட்டார். புரோகிராம் எழுதுவாள் என்றேன். அதோடு விட்டுவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன்.

அந்த ஷூ ஏற்றுமதி நிறுவனத்தில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். என் அப்பா தோல் பதனிடும் டேனரியில் ஃபினிஷிங் கூலி. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். யாராவது என் திரையைப் பார்த்தாலே விரல் நின்றுவிடும். நஸ்ரீனுக்குச் சிறு வயதிலேயே சர்க்கரை. அதனால் கண் மங்கிக்கொண்டே வந்தது. அவள் திரை கறுப்பாக இருக்கும். அதில் மஞ்சள் எழுத்துகள், ஒவ்வொன்றும் ரூபாய் நாணயம் அளவு. மூக்கு திரையில் படும்படி உட்கார்ந்து வேலை செய்வாள். அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் கம்ப்யூட்டர் பீப் அடிக்கும். அதையும் அவளே ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். "இன்னா, மானிட்டர மோந்து பாக்குறியா?" என்று எங்களோடு வேலை செய்த பாபு ஒரு நாள் கேட்டார். "ஆமா, நீ எழுதின புரோகிராம். டேனரிய விட ஜாஸ்தி நாறுது" என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

பிறகு புதிய கம்ப்யூட்டர்கள் வந்தன. நாங்கள் புரோகிராம் எழுதப் பயன்படுத்திய பழைய எடிட்டர் அவற்றில் ஓடாது. புதிய எடிட்டரோ எழுத்தளவு, நிறம் போன்ற தன் அமைப்புகளை எக்ஸ்எம்எல் என்ற வடிவில் மட்டுமே படிக்கும். எங்களுக்கு அது சின்ன எரிச்சல், அவ்வளவுதான். நஸ்ரீனுக்கு அந்த மஞ்சள் எழுத்துகளும் பீப்பும் இல்லாவிட்டால் வேலையே இல்லை. சாமுவேல் சார் கெட்டவர் அல்ல. நல்லது செய்வதாக நினைத்துத்தான், அவளை டெலிபோன் போர்டுக்கு மாற்றலாம், கண்ணுக்கு வேலை கம்மி என்றார். அவள், புது மெஷின்களை மாட்டுவதற்கு முன்னால் வெள்ளிக்கிழமைகளில் வந்து ஒன்று செய்து பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டாள். எங்களுக்கு வெள்ளிதான் வார விடுமுறை. சரி என்றார்.

என்னையும் வரச் சொன்னாள். "எனக்கு ரெண்டு கண்ணு வேணும். உன்னுது சும்மாதான இருக்கு" என்றாள்.

தொழுகை முடிந்த மதியங்களில் அந்த அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருப்போம். பழைய அமைப்புக் கோப்பு மேலிருந்து கீழாக ஒரு பேச்சு மாதிரி. முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டு, பிறகு கீழே மாற்றிச் சொல்லலாம். எக்ஸ்எம்எல் அப்படி இல்லை. ஒவ்வொரு விஷயத்துக்கும் பெயர் போட்ட ஒரு பெட்டி. ஒரு பெட்டிக்கு ஒரு பதில். பழையதைப் படித்துப் பெட்டிகளில் போட அவள் ஒரு புரோகிராம் எழுதினாள். சோதனைக்கென்று முன்கூட்டியே மாட்டியிருந்த ஒரு புது மெஷினில் ஓட்டினாள். புதிய எடிட்டர் வெள்ளைத் திரையில் எறும்பு எழுத்துகளோடு திறந்தது. அவள் முகத்தைத் திரையருகே கொண்டுபோய்க் காத்திருந்தாள்.

"தொறந்துச்சா?" என்றாள்.

திறந்திருக்கிறது, ஆனால் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றேன்.

பழைய கோப்பை மேலிருந்து படிக்கச் சொன்னாள். எழுத்தின் அளவு பன்னிரண்டு, வெள்ளைப் பின்னணி என்று படித்தேன். அது காலேஜில் வைத்தது என்றாள். கொஞ்சம் கீழே, எழுத்தின் அளவு பதினாறு. அது இங்கே சேர்ந்தபோது. அதற்கும் கீழே பின்னணி கறுப்பு. அது கண்ணில் லேசர் வைத்த வருஷம். பார்வை மங்கும்போதெல்லாம் அவள் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறாள், மேலே இருப்பதை அழிக்கவே இல்லை. நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

"நிறுத்தாத. இது அழுவுற கத இல்ல, செட்டிங்ஸ்" என்றாள்.

தவறு எங்கே என்று அதற்குள் அவளுக்குப் பிடிபட்டிருந்தது. ஒரே பெயர் பலமுறை வந்தால் முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்படி எழுதியிருந்தாள். "கடைசில இன்னா இருக்கோ அதான் நானு. மேல இருக்கறவ எவளோ" என்று சொல்லிக்கொண்டே திருத்தினாள். மறுபடி ஓட்டியபோது கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்துகள் வந்தன. அவள் முகத்தை எடுக்கவில்லை. அந்த மஞ்சள் அவள் கன்னத்தில் விழுந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தன் கண் குறைந்துவந்த கதையை இப்படித் துளி நடுக்கமில்லாமல் ஒருத்தியால் கையாள முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அதோடு அவள் எழுந்து போயிருக்கலாம். யாரும் கேட்காமலே எங்கள் எல்லோருடைய கோப்புகளையும் மாற்றித் தந்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் 'காரணம்' என்று ஒரு சிறு இடமும் வைத்தாள். ஏன் என்று தெரியாவிட்டால் நாளைக்கு எவனாவது வந்து அழித்துவிடுவான் என்பது அவள் கணக்கு. ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டாள். பாபுவின் ரோஸ் நிறப் பின்னணிக்கு, மகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிக்கொண்டாள்.

என் கோப்பில் பீப் சத்தம் நிறுத்தப்பட்டிருந்தது. ஏன் என்றாள். நான் தப்பு செய்வது மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதற்காக என்றேன். அதை அந்த அறையில் யாரிடமும் சொன்னதில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன். சொன்னதை அப்படியே அடித்தாள். பிறகு, "நான் நாள் பூரா பீப் பீப்னு அடிச்சிட்டிருக்கேன். என் தப்பு ஆம்பூர் ஸ்டேஷன் வரைக்கும் கேக்குது. இன்னா ஆயிடிச்சி?" என்றாள். மாற்றிவிடவா என்று கேட்டேன். "அது உன் செட்டிங். நான் இன்னாத்துக்கு சொல்லணும்" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

புது மெஷின்கள் மாட்டிய காலையில் சாமுவேல் சார் தன் இடத்தில் உட்கார்ந்தார். அவருடைய பழைய நிறங்களும் குறுக்குவழிகளும் அப்படியே வந்திருந்தன. இது யார் செய்தது என்று கேட்டார்.

"போன் எடுக்கப் போறவ பண்ணது சார்" என்றாள் நஸ்ரீன்.

சார் தலையசைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். டெலிபோன் போர்டைப் பற்றி அதன் பிறகு அவர் பேசியதில்லை. அதற்குப் பின்னும் பல வருஷம் அவள் புரோகிராம் எழுதினாள். எழுத்துகள் இன்னும் பெரிதாகி, கடைசியில் ஒரு திரைக்கு நாலு வரிதான் தெரிந்தது. அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு முழு புரோகிராமையும் மனதில் பிடித்திருப்பாள்.

அவளிடமிருந்து எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அது உண்மை இல்லை. என் கம்ப்யூட்டர் இன்றும் சத்தம் போடுவதில்லை. என்னிடம் தங்கியது வேறு. இன்னொருவர் எழுதியதில் கை வைக்குமுன் ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருக்கிறேன்.

இனி, உங்களிடம் கேட்கத் தயங்கிக் கடைசிவரை தள்ளி வைத்த ஒன்று. அந்த மாற்றும் புரோகிராமை நம்மில் பலர் அடுத்தடுத்த கம்பெனிகளுக்கும் கொண்டுபோனோம். சில இடங்களில் இன்னும் ஓடுகிறது. அதன் தலைப்பில் 'எழுதியவர்' என்ற இடம் காலியாகவே இருக்கிறது. அவள்தான் அப்படி விட்டாள். அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது அதை ஓட்டுகிற பிள்ளைகளுக்குத் தெரியாது. என்னிடம் இருக்கும் நகலில் எழுதிவிட்டேன். சாமுவேல் சார், பாபு, மற்றவர்களே, உங்களிடம் இருப்பதையும் ஒருமுறை திறந்து, அந்த இடத்தில் அவள் பெயரை எழுதிவிடுங்கள்.