ஏலத்தில் எடுக்காத பிள்ளை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னே நடந்தது பின்னே வரும், முகம் ஞாபகம் இருக்கும், சொன்ன வார்த்தை மறந்து போயிருக்கும். கையெழுத்தும் கோணல்தான். இங்கே மதுரையில் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் இந்த வருசம் ஒரு மலர் போடுகிறார்கள். "உங்க மக வெளிநாட்டுல படிச்சுக்கிட்டே ஊழியமும் செய்யுறாளே, அதைப் பத்தி எழுதுங்க" என்று போதகரம்மா ஒரு நோட்டும் பேனாவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். நாலு பேர் முன்னால் ஜெபம் பண்ணச் சொன்னாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்றுதான் ஒத்துக்கொண்டேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற சாட்சி இதில் இருக்குமா என்று தெரியவில்லை.

எங்கள் ஊர் மேலூருக்குக் கிழக்கே. அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். என் வீட்டுக்காரருக்குக் கல்குவாரியில் வேலை. எங்களுக்கு முதலில் இரண்டு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. மூன்றாவது பெண் பிள்ளை, ஒன்பது நாள் இருந்தாள். நாலாவது தங்கினபோது யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கோயிலுக்குள் போய் முழங்கால் போட்டு, "இதைப் பிழைக்க வச்சா உம்மகிட்டயே கொண்டாந்து வைக்கிறேன்" என்று பொருத்தனை பண்ணினேன். பிழைத்தாள்.

கொண்டுவந்து வைப்பதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. அறுப்பின் பண்டிகையில் நெல், பூசணிக்காய், சேவல் என்று விளைந்ததையும் வளர்த்ததையும் ஆராதனையில் படைத்துவிட்டு, பிறகு வேப்பமரத்தடியில் ஏலம் விடுவார்கள். பிள்ளை தக்காத வீட்டுக்காரர்கள் பிள்ளையையும் சுளகில் கிடத்தி அதோடு வைப்பார்கள். ஏலத்தில் அதன் முறை வரும்போது தாய்மாமன் ஒரு மரக்கால் உப்பைக் கொட்டிப் பிள்ளையை எடுத்துத் தாயிடம் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு ரூபாய் பேசக் கூடாது, உப்புதான். கடவுளுக்குக் கொடுத்ததும் ஆச்சு, அவர் திருப்பிக் கொடுத்ததும் ஆச்சு, இனி அதை எதுவும் தொடாது என்பது கணக்கு. ஊரில் மற்றவர்கள் தவிட்டுக்குக் கொடுத்து வாங்குவார்கள். நாங்கள் உப்பு.

என் அண்ணன் மேலூர்ச் சந்தையிலிருந்து உப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். ஏலம் விட்டவர் சபையில் பெரியவர், நல்ல மனுசர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

"பூசணி போச்சு, சேவல் போச்சு, அடுத்தது சுளகுப் புள்ள! ஒரு மரக்கால் உப்பு ஒரு தரம்!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "பொட்டப் புள்ளைக்கு எதுக்குண்ணே மரக்காலு? அரைப்படி போதாது?"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்து, "அதுவும் நாயந்தான். மாப்ள, அரைப்படியோட முடிச்சுக்கிருவமா?" என்று என் அண்ணனைக் கேட்டார். அண்ணனும் மரக்காலை வைத்துக்கொண்டு சிரித்தார்.

ஒன்பது நாள் இருந்து போனவளும் பொட்டப் பிள்ளைதான். சுளகிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். உப்பு அண்ணன் கையிலேயே நின்றது.

சாயங்காலம் போதகர் வந்தார். பழைய போதகர், இப்போது இல்லை. "குடுத்த புள்ளைய ஒரு மரக்கால் உப்புக்குத் திரும்ப வாங்க மனசு வரலையாம்மா? முழுசாவே ஊழியத்துக்கு ஒப்புக் குடுத்திட்டீங்க" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இல்லை என்றால், பிறகு எதற்கு எழுந்து போனாய் என்று கேட்பார்கள். கோபத்தில் போனேன், வெட்கத்தில் போனேன் என்று அம்புட்டுப் பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அடுத்த ஞாயிறு அவர் அதைப் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அதோடு அது நிலைத்துவிட்டது.

அந்த ஒரு தடவை வாய் திறக்காததுதான் என் மகள் தலையில் ஏறினது. விளையாட்டில் சண்டை வந்தால் பிள்ளைகள், "போடி, ஏலத்துல எடுக்காதவளே" என்பார்கள். ஞாயிறு பள்ளியில் சேட்டை பண்ணினால், "நீ கோயிலுக்குச் சேந்த புள்ள, நீ இப்படிப் பண்ணலாமா?" என்பார்கள். வீட்டுக்கு வந்து, "நெசமாம்மா?" என்று கேட்பாள். "ஆமா தாயி, சாப்பிடு" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பேர் எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவள் பத்து வயசில் அப்பாவோடு குவாரிக்குப் போய்விட்டு வந்து, "பள்ளத்துல அம்புட்டுத் தண்ணி பச்சையா நிக்குது, பக்கத்துக் கெணறு ஏம்மா காஞ்சு கெடக்கு?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? அவள் அப்பாவுக்குக் கல்தூசியில் நெஞ்சு போய், இரண்டு வருசத்தில் அவரும் போனார். ஆனாலும் அவள் அந்தக் கேள்வியை விடவில்லை. நான் தல்லாகுளத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்து, அங்கேயே பக்கத்தில் ஒரு அறை எடுத்து அவளை மதுரையில் படிக்க வைத்தேன். பாறைக்குக் கீழே தண்ணீர் எப்படிப் போகிறது என்பதுதான் அவள் படிப்பு. அதற்கே ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்தது.

போகும் முன்னே அவளாகவே ஒரு மிஷனுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். படிப்பு பாதி, ஊழியம் பாதி என்றாள். பகலில் பல்கலைக்கழகம். சாயங்காலம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மிஷன் வீடு. சண்டை நடக்கிற நாடுகளிலிருந்து ஓடி வந்தவர்களுக்குக் கஞ்சி மாதிரி ஒன்று காய்ச்சி ஊற்றுவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, விண்ணப்பம் எழுதித் தருவது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஒரு கிராமத்துக் கோயிலுக்குப் போவாள். பெரிய கல் கோயிலாம். ஏழு கிழவிகள்தான் வருவார்களாம், குளிருக்குக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பார்களாம். "அந்தப் பக்கத்துல இருந்து வந்தவுக நமக்கு வேதத்தைக் குடுத்தாக, இப்ப நான் போயி அவுகளுக்குப் பாட்டெடுத்துக் குடுக்கேன்" என்று சிரிப்பாள். பெரிய கரண்டியும் கையுமாக அவள் நிற்கிற படம் ஒன்று அனுப்பினாள். விடுதியில் நான் பிடிக்கிற மாதிரியே பிடித்திருந்தாள். அந்தப் படத்தை இங்கே கோயில் பலகையில் ஒட்டி வைத்தார்கள்.

மூன்றாம் வருசம் ஒரு நாள் காலையில் போன் பண்ணினாள்.

"அம்மா, முழு நேரமும் மிஷனுக்கே வந்துரச் சொல்றாங்க. படிப்பை விட்டுறலாம்னு இருக்கேன். ரெண்டும் ஓடலம்மா. எழுதிக் குடுக்க வேண்டியது பாதிக்கு மேல கெடக்கு, பேராசிரியர் இந்த வருசக் கடைசி வரைக்கும்தான் பாப்பேன்னுட்டார்."

என் வயிறு குளிர்ந்தது. உள்ளதைத்தான் எழுதுகிறேன். ஸ்தோத்திரம் என்றேன். சங்கத்தில் போய்ச் சொன்னேன், எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி பேசினாள். "உனக்குச் சந்தோசம்தானம்மா?" என்றாள். "சந்தோசம் தாயி." பிறகு, "அப்ப சரி, உன் பொருத்தனை நெறவேறிருச்சுல்ல" என்றாள்.

போனை வைத்த பிறகும் அது காதிலேயே நின்றது. தனக்குச் சந்தோசம் என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. மறுநாள் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி ஊருக்கு அண்ணனைப் பார்க்கப் போனேன். அவருக்கு இடுப்பு தேய்ந்து கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். விசயத்தைச் சொன்னேன்.

"தண்ணி படிப்பை விடப் போறாளா? சின்னப் புள்ளையில எங்க வீட்டுக் கெணத்துல கயிறு விட்டு விட்டு அளந்தவ அவ."

"ஊழியத்துக்குத்தானண்ணே போறா."

"ஊழியத்துக்கா போறா? ஒனக்காகப் போறா. ஏ புள்ள, ஒன்னு கேக்கேன். அன்னைக்கு நீ சாமிக்கின்னா தூக்கிட்டுப் போன? நாங்க சிரிச்சதுக்குக் கோவிச்சுக்கிட்டுல்ல போன?"

நான் எழுந்து அவருக்குத் தண்ணீர் மோந்து கொடுத்தேன்.

"எனக்குத் தெரியும். நானும் சிரிச்சேன்ல. அந்த வெக்கத்துல நானும் இத்தன வருசம் வாயத் தெறக்கல" என்றார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தல்லாகுளத்துக்குத் திரும்பி வந்து மூன்று நாள் சொல்லிச் சொல்லிப் பழகினேன். நாலாம் நாள் அவளைக் கூப்பிட்டு முழுதும் சொன்னேன். அரைப்படி என்றது, சிரித்தது, நான் எழுந்து போனது, போதகர் கேட்டபோது தலையைக் குனிந்தது எல்லாம். "நான் ஒன்னை முழுசாக் குடுக்கல தாயி. திரும்ப வாங்கிக்கிறணும்னுதான் கொண்டு போயி வச்சேன். சொல்லத் தைரியமில்ல."

போன் செத்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

"முப்பது வருசமாம்மா?" என்றாள் கடைசியில். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

எட்டு நாள் அவள் பேசவில்லை. அந்த எட்டு நாளும் விடுதியில் நான் வைத்த குழம்பை யாரும் வாயில் வைக்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் கூப்பிட்டாள். கோபம் இருந்தது, மறைக்கவில்லை. "நான் அங்க கஞ்சி ஊத்துறப்பல்லாம் அது என் கையா, உன் பொருத்தனையான்னு எனக்கே தெரியாமப் போச்சும்மா" என்றாள். நான், "இந்தப் பண்டிகையில மாமாவை உப்புக் கொண்டாரச் சொல்லவா?" என்று கேட்டேன். "மரக்காலுக்குத்தான் எடுக்கணும். அரைப்படின்னா வர மாட்டேன்னு சொல்லு" என்றாள்.

இப்போதிருக்கிற ஊர்ப் போதகர் சின்ன வயசு. "பிள்ளை ஏலம் நின்னே ரொம்ப வருசம் ஆச்சேம்மா. முப்பது வயசுப் பொண்ணை எப்படி?" என்று தலையைச் சொறிந்தார். அவளிடமே போனில் கேட்டுவிட்டுச் சரி என்றார்.

பண்டிகையன்று பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினேன், ஆட்களைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு நான் சாமிக்காகத் தூக்கிட்டுப் போகல. சிரிச்சீங்கன்னு போனேன். போதகர் நல்லவிதமாச் சொன்னாரு, நான் மறுக்கல. தப்பு எம்மேல." இம்புட்டுத்தான் பேசினேன். பழைய பெரியவர் நாற்காலியில் இருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டதா என்று தெரியவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்.

சுளகில் போனை வைத்தார்கள். அதில் அவள் முகம், பின்னால் ஜன்னலில் பனி. அண்ணன் கம்பை மரத்தில் சாத்திவிட்டு, இரண்டு கையாலும் மரக்காலைத் தூக்கிக் கொட்டினார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. "மாமா, குமிச்சு அளந்தீகளா?" என்று சுளகிலிருந்து அவள் கேட்ட பிறகுதான் சனம் சிரித்தது. போனை எடுத்து அண்ணன் என் கையில் கொடுத்தார். அது சூடாக இருந்தது.

மிஷனுக்கு முழு நேரம் வர முடியாது என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் கஞ்சி ஊற்றப் போவதையும் நிறுத்தினாள். அதைக் கேட்டபோது எனக்கு வலித்தது. படிப்பை எழுதிக்கொண்டிருக்கிறாள், முடிந்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கிழவிகளிடம் போகிறாள். "இதையும் விட்டுரலாமே தாயி" என்று சொல்லிப் பார்த்தேன். "இது உனக்கில்லம்மா. இப்ப ஆறு பேருதான் இருக்காக. நான் போகலைன்னா பாட்டெடுக்க ஆளில்ல" என்றாள்.

கடவுளிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டேனோ என்று சில நாள் தோன்றும். அப்போது முழங்கால் போடுகிறேன். முன்னே மாதிரி எதையும் தருகிறேன் என்று சொல்வதில்லை.

போதகரம்மாவுக்கு ஒன்று. நான் அன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயில் பக்கமாக வீட்டுக்குப் போனேனா, கண்மாய்க் கரைப் பக்கமாகப் போனேனா என்பது ஞாபகமில்லை. மகளுக்கு ஐந்து மாதமா ஆறா என்பதிலும் சந்தேகம். அன்றைக்கு ஊரில் இருந்தவர்கள் யாரையாவது கேட்டுத் திருத்துங்கள், அண்ணனைக் கேட்டாலும் சரி. அவள் படிப்புக்கு ஆங்கிலத்தில் நீளமான பேர் உண்டு, எனக்கு எழுத வராது. அச்சுக்குக் கொடுக்கும் முன்னே இதை அவளுக்கு அனுப்பி, பேரையும் மற்றதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவள் வேண்டாம் என்றால் போட வேண்டாம்.