காலையில் புகைந்த பேஸ் ஆம்ப்

ஒரு சுற்றும் பிசகாமல் டிரான்ஸ்பார்மரில் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தன மெக்கானிக் வாசிமின் கைகள். அவனுக்கு இது இரண்டாம் முறை. சர்ச்சில் பேஸ் கிட்டார் வாசிக்கும் லீலாவின் அமெரிக்க ஆம்ப் நம்மூர் வோல்டேஜில் ஓட, முன்பும் அவன்தான் சுற்றிக்கொடுத்தான். சீசன் நேரம்; கொடைக்கானல் ஓட்டல்களெல்லாம் ஹீட்டர் போட்டு வோல்டேஜ் இறங்கியிருந்த மாலையில் அளந்து, அந்த அளவுக்கே சுற்றிவிட்டான். ஞாயிறு காலை வோல்டேஜ் ஏறியதும், சர்ச்சில் பாட்டுக்கு நடுவே ஆம்ப் புகைந்து சபையே இருமியது. அதன்பின் லீலாவே ஆம்ப்பைக் கடைக்கு எடுத்துவரும்வரை அவன் சர்ச் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

இம்முறை வோல்டேஜ் உச்சத்தில் இருக்கும் விடியலில் அளந்துதான் சுற்றினான்.

“அண்ணே, இது காலைக்கா, சாயங்காலத்துக்கா?” என்றாள் லீலா.

“எந்நேரமும் தாங்கும்மா. வாசிச்சுப் பாருங்க.”

“சர்ச்சுலயே வாசிக்கிறேன். நீங்க முன்னாடி வந்து உக்காருங்க.”

காது சிவக்க, “வர்றேம்மா” என்று ஆம்ப்பைத் தூக்கி அவள் ஜீப்பில் வைத்தான்.