முப்பதாயிரத்தில் ஒரு கப்பல்

வெள்ளிக்கிழமை பத்தரை மணியானால் பிரிட்டோ நான்காம் நம்பர் கம்ப்யூட்டரின் தலையில் ஓர் அட்டையைத் தொங்கவிடுவார். 'பழுது' என்று வங்காள மொழியில் எழுதியிருக்கும். அதில் ஒரு பழுதும் கிடையாது. பதினொரு மணிக்கு நான் கோயிலிலிருந்து வரும்போது பின்னால் யாரும் நின்று அவசரப்படுத்தக் கூடாது. அதற்காகத்தான் அந்த அட்டை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு ஒரு வரி அடிக்கக் கால் மணி நேரம் ஆகும். எனக்காக அந்த ஒரு கீபோர்டில் மட்டும் தமிழ் எழுத்துகளைக் காகிதத்தில் எழுதி ஒட்டியும் வைத்திருந்தார். அட்டை விஷயம் எனக்கு இரண்டு வருஷம் தெரியாது. பாவம், கெட்டுக் கிடக்கிற மிஷின் நான் வரும் நேரத்துக்குச் சரியாகிவிடுகிறது, எல்லாம் முருகன் செயல் என்று நினைத்திருந்தேன்.

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் எங்கள் காப்பிப்பொடிக் கடைக்கு அடுத்த கதவு அவருடைய இன்டர்நெட் கடை. ஆறு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, ஒரு வேளாங்கண்ணி மாதா படம். அவருடைய அப்பா துறைமுக வேலைக்காகத் தூத்துக்குடியை விட்டு வந்தவர். பிரிட்டோ பிறந்தது, படித்தது, எல்லாம் கல்கத்தா. ஆனாலும் வாயைத் திறந்தால் தூத்துக்குடிதான். ஒல்லியான உடம்பு. வலது கட்டைவிரலில் ஒரு காய்ப்பு. நான் கொடுக்கும் விபூதிப் பொட்டலத்தை மாதா படத்துக்குக் கீழே வைப்பார். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணட்டும்க்கா" என்பார்.

அவருடைய உயிர் வேறொன்றில் இருந்தது. காசு போட்டு நின்றுகொண்டு ஆடுகிற பெட்டி ஆட்டங்கள் ஒரு காலத்தில் இருந்தனவே, அவற்றைக் கம்ப்யூட்டரில் ஆடவைக்க இப்போது வழி உண்டாம். வருஷா வருஷம் துர்கா பூஜை முடிந்ததும் இன்டர்நெட்டிலேயே ஒரு போட்டியைத் தொடங்குவார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முடிவு. 2005-இல் நாற்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். பிரேசிலில் ஒரு பஸ் டிரைவர், பின்லாந்தில் ஒரு பல் டாக்டர், எங்களுக்குப் பக்கத்திலேயே கடியாஹாட்டில் பாங்கு வேலை பார்க்கும் தேபாஷிஷ். பரிசு ஒன்றும் கிடையாது. யார் எத்தனை எடுத்தார்கள் என்று ஒரு பட்டியல், அதில் பெயர் நிற்கும். அவ்வளவுதான்.

எண்ணை மட்டும் எழுதி அனுப்பினால் பிரிட்டோ ஏற்கமாட்டார். ஆடிய ஆட்டத்தை அப்படியே திரும்ப ஓட்டிக் காட்டும் பதிவையும் அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசி வரை, கையைக் கட்டிக்கொண்டு, பூசை பார்ப்பதுபோல் பார்ப்பார். சிலது மூன்று மணி நேரம் ஓடும். என் கணவர் வேலாயுதத்துக்கு இது பொறுக்காது.

"முதல் பத்துப் பேரப் பாரு, சரி. நாப்பதாவது ஆளோடத எதுக்குப்பா முழுசாப் பாக்குறே?"

"அவரும் முழுசாத்தான ஆடியிருக்காரு அண்ணாச்சி."

தன்னுடைய ஆட்டத்தைத் தானே பார்த்து ஒப்புக்கொள்வது முறையில்லை என்று அதை மட்டும் அந்தப் பல் டாக்டருக்கு அனுப்பிவிடுவார்.

ஏன் இத்தனை சிரத்தை என்று ஒரு நாள் கேட்டேன். 1991-இல் பாலிகஞ்சில் ஓர் ஆட்டக் கடை இருந்ததாம். அங்கே விண்கப்பல் ஆட்டத்தில் எல்லோரையும் தாண்டி இவர் பெயர் முதலில் ஏறியது. தங்கையைக் கூட்டிவந்து காட்டலாம் என்று வீட்டுக்கு ஓடினார். இருவரும் திரும்பி வருவதற்குள் கரண்ட் போய் வந்துவிட்டது. அந்தப் பெட்டிகளுக்கு ஞாபகம் கிடையாது. "கரண்ட் போச்சு, பேரும் போயிட்டு. அவ நம்பவே இல்லக்கா, இன்னைக்கு வரைக்கும் நம்பல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதே ஆட்டம்தான் 2005-இல் போட்டிக்கு. மேலிருந்து வண்டு வண்டாக இறங்கும், கீழே நம் கப்பல் நின்று சுடும். மூன்று கப்பல் தருவார்கள். முப்பதாயிரம் எடுத்தால் நாலாவதாக ஒன்று இனாம். அந்த வருஷம் பிரிட்டோ முதல் இடத்தில் இருந்தார். அவர் நடத்திய ஐந்து போட்டிகளில் அதுவே முதல் தடவை. தேபாஷிஷ் இரண்டாவது. வித்தியாசம் எண்ணூறு. தங்கைக்கு எழுதிப் போட்டாயிற்று. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று நானும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

முடிவுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. மகனுக்கு எழுதிவிட்டுப் பதில் வரும் வரைக்கும் நான் அந்த வண்டு ஆட்டத்தை ஆடுவது வழக்கம். பிரிட்டோதான் பழக்கிவிட்டார். என் பெயரையும் பட்டியலின் அடியில், 'அக்கா, லேக் மார்க்கெட்' என்று ஏற்றியிருந்தார். ஆறாயிரம், ஏழாயிரம் வரும், செத்துப்போவேன். அன்றைக்கு என்ன அருளோ, வண்டெல்லாம் நேராக வந்து விழுந்தன. திடீரென்று மணி அடித்தது.

"தம்பி! எனக்கு ஒரு கப்பல் கூடக் குடுத்திருக்கு பாருங்க!"

பிரிட்டோ எட்டிப் பார்த்தார். பத்தாயிரத்து நாற்பது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. பத்தாயிரத்தில் கப்பல் கிடைக்கக் கூடாது.

மெல்ல ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நாந்தான்க்கா மாத்துனேன். சித்திரை மாசம். நீங்க புதுசு, சீக்கிரம் ஒரு கப்பல் கெடைச்சா ஆச வரும்லான்னு பத்தாயிரத்துல வச்சேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்."

"அதனால என்ன தம்பி?"

"நான் ஆடுனதும் இதே மிசின்லதான். எல்லாருக்கும் முப்பதாயிரத்துல வந்த கப்பல் எனக்குப் பத்தாயிரத்துலயே வந்துருக்கு."

அட்டை தொங்குகிற மிஷினில் வேறு யாரும் உட்காருவதில்லை. நான் போனபின் அட்டையைக் கழற்றாமலே அங்கே உட்கார்ந்துதான் தன் பெரிய ஆட்டத்தை ஆடியிருக்கிறார். அந்த வேகத்தில் கப்பல் எப்போது வந்தது என்று எண்ணவே இல்லையாம். பல் டாக்டரும் கவனிக்கவில்லை.

விஷயம் கேட்டு என் கணவர் காப்பிப்பொடிக் கையோடு வந்துவிட்டார். "நாப்பது பேருல ஒருத்தனும் கண்டுபிடிக்கல. ஒரு கப்பல்ல என்ன குடி முழுகிப்போச்சு?"

"நாந்தான் கண்டுபிடிச்சிட்டேன்லா அண்ணாச்சி."

அன்று மாலையே தேபாஷிஷுக்குப் போன் செய்தார். அரை மணியில் அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஜெயித்தவர் மாதிரி இல்லை, சண்டைக்கு வந்தவர் மாதிரி இருந்தது. "பாகல் நாகி, பிரிட்டோதா?" என்று கத்தினார். பைத்தியமா உனக்கு, அண்ணா என்று அர்த்தம். இப்படிக் கிடைக்கிற முதல் இடம் எனக்கு வேண்டாம், இன்னும் ஒரு நாள் இருக்கிறது, வேறு மிஷினில் ஆடு என்றார். பிரிட்டோவும் ஆடினார். அன்றும் மறுநாளும் கை ஓடவில்லை. பதினேழாவது இடம்தான் வந்தது.

பட்டியலை மாற்றும்போது நான் பக்கத்தில் நின்றேன். தன் பெயரை எடுத்தார். காரணத்தை ஒளிக்காமல் கீழே நாலு வரி எழுதினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒங்களதையும் எடுக்கணும்க்கா. அதும் இதே கப்பல்தான்."

"எடுங்க தம்பி, எடுங்க" என்றேன். என் பத்தாயிரமும் போயிற்று. சரியாக வைத்த மிஷினில் மறுபடி ஆடினேன். ஆறாயிரத்து இருநூறு. நாற்பத்தொரு பேரில் நாற்பத்தொன்றாவது. கோயிலுக்குப் போய், வேண்டியபடி தேங்காயை உடைத்தேன். ஜெயித்தால் என்றுதான் வேண்டியிருந்தேன். அதனால் என்ன, உடைக்கலாம் என்று தோன்றிற்று.

2008-இல் மகன் திருச்சியில் வீடு கட்டியதும் கடையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினோம். நான் டாக்ஸியில் உட்கார்ந்து, பின்னால் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது பிரிட்டோ பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பிரித்தேன். நான்காம் நம்பரின் கீபோர்டு. தேய்ந்துபோயிருந்த 'அ'வையும் 'க'வையும் புதுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்.

"பூஜை முடிஞ்சதும் வழக்கம்போல ஆரம்பிச்சிருவேன்" என்றார், ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு. "ஆடி அனுப்புங்கக்கா. எத்தன வந்தாலும் சரி. நான் முழுசா உக்காந்து பாப்பேன்."