சைலன்சருக்குள் யாரோ

நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. பட்டப்பகலில், எங்கள் பட்டறையில், என் வீட்டுக்காரர் கண்ணெதிரே நடந்தது இது. பேய் என்றாலே வயிறு குலுங்கச் சிரிக்கும் மனுஷன். இன்று கழிவறைக்குப் போனால்கூடக் கதவைச் சாத்துவதில்லை.

பைக் இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று லேப்டாப்பை வைத்துச் சரிசெய்வது அவர் தொழில். வேறு சைலன்சர் மாட்டினால் இன்ஜின் காற்றை அதிகம் இழுக்கும். அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டாவிட்டால் சூடேறிக் கெட்டுப்போகும். அதனால் புகைக்குழாயில் ஒரு சென்சார் மாட்டுவார். எரியாமல் மிஞ்சிய காற்றை அது திரையில் எண்ணாகக் காட்டும்.

அன்று அடுத்த தெரு ஹெல்மெட் கடைக்காரன் தன் பைக்கை விட வந்தான். விலையுயர்ந்த சைலன்சர். ஓரத்தில் ஒரு நசுங்கல்.

"எங்கடா பிடிச்சே?"

"எங்கேயோ கிடைச்சுதுண்ணே. சீக்கிரம் முடிங்க."

வேலை சுலபமாகவே முடிந்தது. நாலு மணிக்கு இன்ஜினை அணைத்தார். அணைத்தால் குழாய்க்குள் வெறும் காற்றுதான். எண் மேலே போய் அசையாமல் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. இறங்கியது... ஏறியது... இறங்கியது...

வேறு சென்சார் மாட்டினார். அதுவும் அப்படியே.

கரித்துணியைக் குழாய் வாயருகே பிடித்தார். துணி உள்ளே இழுபட்டது. வெளியே தள்ளப்பட்டது. மறுபடி உள்ளே...

ஹ்ஹ்... ஹ்ஹ்...

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

டேங்கிலிருந்து பெட்ரோல் பம்பைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். இந்த வண்டியை யாரும் ஓட்டக்கூடாது என்பது மட்டுமே அவர் நினைப்பு.

வாசலில் செருப்புச் சத்தம். கடைக்காரன்.

அவன் கிட்டே வர வர மூச்சு வேகமெடுத்தது. எண் துடித்தது.

ஹ்ஹ்ஹ்ஹ்ஹ்...

"ஆச்சாண்ணே?"

சட்டென்று சத்தம் நின்றது.

"பம்பு போச்சுப்பா. அந்தச் சைலன்சரைக் கழட்டிப் போட்டுடு. சொன்னா கேளு."

"உங்களுக்கு வரலைன்னு சொல்லுங்க. வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையில் அவன் வண்டிக் கொட்டகையை உடைத்துத்தான் திறந்தார்கள். உள்ளே தாழ்ப்பாள். கண்ணைக் கரிக்கும் புகை. சைலன்சர் பக்கத்தில் முகம் வைத்தபடி கிடந்தான்.

நாலு நாள் கழித்து ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். செத்தவன் வண்டி சைலன்சரில் நசுங்கல் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் தம்பி வண்டியோடதுங்க. அவனும் இந்தக் கடைக்காரனும் ஆளுக்கொரு வண்டியில சேர்ந்துதான் போனாங்க. தம்பி கீழ விழுந்துட்டான். விழுந்ததுமே உயிர் போயிடுச்சுன்னு இவன் சொன்னான். டாக்டரு, ரொம்ப நேரம் மூச்சு இருந்திருக்குன்னாரு. வண்டியில சைலன்சரை மட்டும் காணோம். ஸ்பேனர் வெச்சுப் பதமா கழட்டியிருந்தது."

கூட்டாளி மூச்சுக்குத் தவிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நட்டு கழற்றியிருக்கிறான், படுபாவி! எனக்கு அவன் மேல் ஒரு துளி இரக்கம் வரவில்லை.

கடைக்காரன் வண்டிப் புகையைச் சுவாசித்துத்தான் செத்தான் என்று போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூடிய கொட்டகைக்குள் ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிட்டிருக்கிறானாம்.

பம்பு இல்லாமல் அந்த இன்ஜினுக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல் போகாது. பம்பு இன்னும் எங்கள் இழுப்பறையில்தான் கிடக்கிறது.