மரீத்தா சொன்ன ‘முடியாது’

பதினாறு வருஷங்களுக்கு முன்பு மரீத்தா ஹேக்விஸ்ட்டைப் பல்கலைக்கழக ஊழியர் சங்கத்தின் செயற்குழுவுக்குப் பிடித்துப் போட்டபோது, “சும்மா பேருக்குத்தான். மாற்று உறுப்பினர். யாராவது வராட்டி வந்து உக்காந்தா போதும்” என்றார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் வராமல் இருந்தார். மூன்றாம் வருஷம் அவளை முழு உறுப்பினராக்கினார்கள். அதன் பிறகு அவளிடம் யாரும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பட்டியலில் அவள் பெயர் தானாகவே இருக்கும், கூட்டம் “சம்மதம்” என்று ஒரே குரலில் சொல்லும், முடிவாயிற்று என்று தலைவரின் சுத்தியல் மேசையில் விழும்.

செயற்குழுவில் ஒன்பது நாற்காலி. தலைவர், துணைத்தலைவர், செயலாளர், பொருளாளர், இன்னும் ஐந்து பேர். ஒற்றைப்படை வருஷத்தில் ஐந்து பேருக்கும் இரட்டைப்படை வருஷத்தில் நான்கு பேருக்கும் தேர்தல். எல்லோரும் ஒரே நாளில் ஓடிவிடக் கூடாதே என்றுதான் அந்த ஏற்பாடு. தேர்தல் என்றால் சுவரொட்டி, கோஷம் எதுவும் கிடையாது. பரிந்துரைக் குழு என்று மூன்று பேர் இருப்பார்கள். குளிர்காலம் முழுக்க வளாகத்தில் கதவு கதவாகத் தட்டி, ஆள் பிடித்து, சம்மதம் வாங்கி, மார்ச் மாதப் பொதுக்கூட்டத்தில் பட்டியலைப் படிப்பார்கள். சுவீடனின் வடக்கே அந்த ஊரில் பரிந்துரைக் குழு வருவதைப் பார்த்தால் ஜனங்கள் படிக்கட்டு மாறிப் போவார்கள்.

மரீத்தாவுக்குத் தேர்வுக் கூடங்களில் வேலை. எந்தத் தேர்வு எந்த அறையில், யார் கண்காணிப்பு, எத்தனை மேசை என்று ஒழுங்கு செய்வது. சங்கத்தில் அவள் வேலை வேறு. நிர்வாகம் ஆட்குறைப்பு செய்யும்போது சங்கத்தின் சார்பில் பேச்சுவார்த்தை மேசையில் உட்காருவது. கேட்பாள், எதிர்த்துப் பேசுவாள், கடைசியில் நடந்ததற்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போடுவாள். அங்கே பேசியதை வெளியே மூச்சு விடக் கூடாது.

போன அக்டோபரில் மொழித்துறையின் ஆட்குறைப்புப் பட்டியல் வந்தது. எட்டுப் பெயர். நாலு அமர்வில் மல்லுக்கட்டி அதை ஆறாக்கினாள். அந்த ஆறில் ஒன்று உல்ரிக்கா. பதினோரு வருஷமாகத் தினமும் அவளோடு மதியச் சாப்பாடு சாப்பிட்ட உல்ரிக்கா. அறிவிப்பின் கீழே மரீத்தாவின் கையெழுத்து இருந்தது. மறுநாளிலிருந்து உல்ரிக்கா மூன்றாம் மாடியில் சாப்பிட்டாள்.

டிசம்பரில் மரீத்தா, இந்தத் தடவை நிற்கப் போவதில்லை என்று பரிந்துரைக் குழுவுக்கு நாலு வரி எழுதினாள். அந்த மூன்று பேரில் உல்ரிக்காவும் ஒருத்தி. அறிவிப்பு வந்துவிட்டாலும் அவள் வேலை மே மாதம் வரை இருந்ததால் அந்தப் பொறுப்பும் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் தேர்வுத்தாள் கிடங்கின் வாசலில் உல்ரிக்கா வந்து நின்றாள். கையில் ஒரு தாள், பேனா.

“பரிந்துரைக் குழு சார்பா வந்திருக்கேன். நானா வரல. அத முதல்லயே சொல்லிடறேன்.”

“சரி. உக்காரு.”

“நிக்கறேன். உன் எடத்துக்கு இருபத்திரண்டு பேர்கிட்ட கேட்டாச்சு. ஒருத்தனுக்கு இடுப்பு வலி. ஒருத்திக்குப் பேரப்பிள்ள பொறக்கப் போவுது. வேதியியல்ல இருக்கானே அந்த நெட்டையன், என்னைப் பாத்ததும் குளிர்பதன அறைக்குள்ள பூந்துக்கிட்டான். நானும் விடல. வெளிய பத்து நிமிஷம் நின்னேன்.”

“வந்தானா?”

“வந்தான், மூக்கு செவந்து. முடியாதுன்னான்.”

மரீத்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்து ஒழுங்காக வைத்தாள்.

“கடைசில எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான். மரீத்தா ஏன் போறா? நான் என்ன சொல்லட்டும்?”

“அலுத்துப் போச்சுன்னு சொல்லு.”

“இங்க யாருக்கு அலுக்கல? அது காரணமே இல்ல மரீத்தா. அது நம்ம அங்க அடையாளம்.”

வெளியே பனி வழிக்கும் வண்டி போய், திரும்பி வந்தது. மரீத்தா சொன்னாள்: “இன்னொரு தடவை அந்த மேசையில என்னால உக்கார முடியாது.”

“அங்க என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல.”

“கேட்டாலும் சொல்ல முடியாது.”

“தெரியும். அதான் கேக்கல.” உல்ரிக்கா தாளைச் சுவரில் வைத்து எழுதினாள். “முடியாது. எழுதியாச்சு. காரணத்துக்குக் கட்டம் இல்ல. நல்லதாப் போச்சு.”

பொதுக்கூட்டம் மார்ச் மாதம், மதியம் இரண்டரை மணிக்கு. இறாலும் மயோனீஸும் அடுக்கிய சாண்ட்விச் கேக் உண்டு என்று அழைப்பிலேயே போட்டிருந்ததால் நாற்பது பேர் வந்திருந்தார்கள். தின்றுவிட்டு எழுந்து போக முடியாதபடி ஸ்தாஃபான் கதவோரம் நின்று வருகைப் பதிவு எடுத்தான். சங்கத் தலைவன் அவன்தான். அன்று கூட்டத்தை நடத்தியதும் அவனே. நல்லவன். யாரிடமும் முகம் சுளிக்காமல் வேலையைத் தள்ளிவிடத் தெரிந்தவன்.

உல்ரிக்கா எழுந்து பட்டியலைப் படித்தாள். துணைத்தலைவர், பொருளாளர், உறுப்பினர் இருவர். சம்மதம், சம்மதம், சுத்தியல். ஐந்தாவது இடத்துக்கு வந்தபோது, “ஆள் கெடைக்கல” என்றாள்.

“கூட்டத்துலேர்ந்து யாராவது பேர் சொல்றீங்களா?” என்று ஸ்தாஃபான் கேட்டான். நாற்பது பேரும் தட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக மரீத்தாவைப் பார்த்தார்கள்.

“மரீத்தா,” என்றான் அவன், குரலில் வெண்ணெய் தடவி, “ஒரே ஒரு வருஷம். உன்னை விட்டா இதெல்லாம் யாருக்குத் தெரியும்?”

தன் தொண்டையில் ‘சரி’ ஏறி வருவது அவளுக்குத் தெரிந்தது. பதினாறு வருஷமாக வந்த வழியிலேயே அது வந்தது. வாயைத் திறந்தாள்.

“தலைவரே!” உல்ரிக்கா இன்னும் உட்காரவில்லை. “அவகிட்ட குழு கேட்டாச்சு. முடியாதுன்னுட்டா. எழுதி வெச்சிருக்கேன். இங்க மறுபடி கேக்கறதுன்னா, நான் குளிர்காலம் பூரா கதவு தட்டினது எதுக்கு?”

“இல்ல, ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாம்னு...”

“அந்த நாற்காலி காலியா இருக்கட்டும். குழுவோட பரிந்துரை அதுதான்.”

“காலியா இருக்கட்டும்னு ஒரு பரிந்துரையா?”

பின் வரிசையிலிருந்து ஒருவர், “நாற்காலின்னா எல்லாத்துக்கும் தலையாட்டாது. நல்லதுதானே!” என்றார். சிரிப்பு எழுந்தது. ஸ்தாஃபான் வேறு வழியில்லாமல் கூட்டத்தைக் கேட்டான். சம்மதம் என்றார்கள். சுத்தியல் விழுந்தது.

உல்ரிக்கா வந்து மரீத்தாவின் பக்கத்துக் காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தைத் திருப்பாமல் பேசினாள்.

“உனக்காகச் செஞ்சேன்னு நெனச்சுக்காத.”

“நெனைக்கல.”

“அடுத்த ஆட்குறைப்புப் பட்டியல்ல பேர் வரப்போறவளுக்காகப் பேச, ஓஞ்சு போன ஆளு அந்த மேசையில வேணாம். யாருமே இல்லன்னா வேற ஆளத் தேடவாவது செய்வாங்க.”

மரீத்தாவுக்கு அது சுட்டது. ஆனால் அதில் பொய் எதுவும் இல்லை. எட்டு ஆறான கதையைச் சொல்லிவிட இப்போதும் நாக்கு துடித்தது, சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஸ்தாஃபான் அடுத்ததைப் படித்தான். பரிந்துரைக் குழுவுக்குத் தேர்தல். உல்ரிக்கா மே மாதத்தோடு போவதால் அவள் இடத்துக்கு ஒருவர் வேண்டும். தட்டுகளில் மிச்சமிருந்த இறால்களை மறுபடி எல்லோரும் ஆராய்ந்தார்கள். அவன் பார்வை சுற்றிச் சுற்றி வந்து மரீத்தா இருந்த மேசையை நெருங்கியது.

“உன் பஸ் எத்தன மணிக்கு?” என்றாள் உல்ரிக்கா.

“நாலு இருபது.”

“கெளம்பு.”

மரீத்தா மேலங்கியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கூட்டம் முடியும் சுத்தியல் விழுமுன் அவள் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. கதவு மூடும்போது உள்ளே ஸ்தாஃபான், “யாராவது?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.